இருபது நிமிடக் குளிர்

எங்கள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏற்றி இறக்கியவர். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று அவ்வளவு தன்மையாகப் பேசுவார். அந்தத் தன்மை வீட்டுக்கு வருகிற வழியில் எங்கேயோ இறங்கிவிடும். வீட்டில் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். காரின் ஏசியை நானே சரிசெய்கிறேன் என்று அவர் சொன்னபோது, லிஃப்ட் வேறு ஏசி வேறு என்று நான் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், காரின் முன்பக்கத்தைப் பிரித்து வாசலில் பழைய போர்வை விரித்துப் பரப்பிவிட்டிருந்தார்.

முப்பது வருடத்துக் கார். ஏசி செத்து ஆறு வருடம் ஆகிறது. அது செத்தபோது யாரும் அழவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனோம், வந்தோம். எனக்கு இந்த நோய் வந்த பிறகுதான் அது தேவைப்பட்டது.

நோய் நரம்பில். வந்து நான்கு வருடம். நரம்புக்கு மேலே இருக்கிற உறை தேய்ந்துவிட்டது, அதனால் உடம்பு சூடானால் செய்தி ஓடாது என்றார் டாக்டர். குளிர்ச்சியாக இருந்தால் நானும் எல்லோரையும் போலத்தான். நடப்பேன், படிப்பேன், சண்டை போடுவேன். வெயிலில் கால்மணி நேரம் இருந்தால் முதலில் கால் துவளும், பிறகு கண் போகும். நிறங்கள் முதலில் போகும், அப்புறம் உருவங்கள். கடைசியில் சாம்பல்தான் மிச்சம். குளிர்ந்த அறையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கிடந்தால் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். "வயர் மேல இருக்கிற உறை போயிட்டா எப்படியோ, அந்த மாதிரிதான்" என்று இவர் எனக்கு விளக்கினார். அப்படியானால் டேப் சுற்றிவிடுங்கள் என்றேன். சிரித்தார். அப்புறம் ரொம்ப நேரம் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை.

என் அக்கா இருப்பது காரில் நான்கு மணி நேரத் தூரத்தில். அவளுக்கு வயிற்றில் கட்டி. இந்தக் கோடையைத் தாண்டினால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா ஃபோனில் அழவில்லை. "பாப்பா, ஒரு தரம் வந்து என்னைப் பாத்துட்டுப் போயிடு" என்றாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் அவளுக்குப் பாப்பாதான். அந்த ஐம்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம். முதல் தடவையாகக் கேட்கிறாள், அதுவும் இவ்வளவு சின்னதாக. போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கோடை முழுக்க எனக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், தன் காரை அனுப்புகிறேன் என்றார். புதுக் கார். உள்ளே உட்கார்ந்தால் பனிக்கட்டிக் கடை மாதிரி இருக்கும். இவருக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. எப்போதோ ஒரு விருந்தில் அத்தான், "நம்ம சகலைக்கு ஏத்தமும் தெரியும், இறக்கமும் தெரியும், முன்னேறத்தான் தெரியாது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்துவிட்டேன். இருபத்தைந்து வருடம் ஆகியும் இவர் அதை மறக்கவில்லை. ஆகவே அந்தக் கார் வேண்டாம் என்றார்.

நான் ஏன் பிடிவாதமாக அந்தக் காரைக் கேட்கவில்லை? இதை நான் என்னிடமே பல தடவை கேட்டுவிட்டேன். நான்கு வருடமாக அவர் என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிப் போய், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எந்த மெஷினையும் திறந்து பார்த்துவிடுகிற மனிதர். என்னைத் திறந்து பார்க்க முடியவில்லை. காரையாவது திறக்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. முறையாகத்தான் செய்தார். அந்தக் காலத்துக் கார்களில் போட்ட கேஸ் இப்போது கிடைப்பதில்லை, புது கேஸுக்கு மாற்ற வேண்டும். புது கேஸுக்குப் பழைய எண்ணெய் சேராது. ஆகவே கம்ப்ரஸரிலிருந்து குழாய் வரை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, பழைய எண்ணெயை வடித்து, வேறு எண்ணெய் ஊற்ற வேண்டும். மூட்டுக்கு மூட்டு இருக்கிற ரப்பர் வளையங்கள் அத்தனையும் புதிது. டிரையர் என்று ஒரு சாமான், அதுவும் புதிது. தண்ணீர் பாட்டில் அளவில் ஓர் அலுமினியக் குப்பி. கேஸோடு கலந்து வருகிற ஈரத்தை அதற்குள் இருக்கிற மணிகள் குடித்துவிடும். இதையெல்லாம் சாப்பிடும்போது எனக்குப் பாடம் நடத்தினார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. டிரையரின் இரண்டு வாயிலும் இருக்கிற மூடிகளைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும் என்று பார்ட்ஸ் கடைக்காரர் அவரிடம் சொல்லியிருந்தார். அவர் தெரிந்துகொண்டார், அது போதும் என்று விட்டுவிட்டார். அந்த மூடிகளை நான் தொடுவேன் என்று யார் நினைப்பார்கள்?

நான் தொட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை மறைத்து வைத்துக் கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை. நோய் வந்து வேலையை விட்ட பிறகு, உட்கார்ந்த இடத்தில் நான் செய்யக்கூடியது துடைப்பது ஒன்றுதான். வீட்டுக்குள் என்ன வந்தாலும் துடைத்துத்தான் அலமாரியில் வைப்பேன். புதுச் சாமான்கள் பார்சலில் வந்த அன்று அவர் வேலைக்குப் போயிருந்தார். ஒவ்வொன்றாகத் துடைத்தேன். டிரையரின் மூடிகள் கிரீஸ் பட்டுப் பிசுபிசுவென்று இருந்தன. கழற்றினேன். 'உஸ்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. மூடிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி ஜன்னலோரம் காய வைத்தேன். குப்பியை வாஷிங் மெஷினுக்கு மேலே இருக்கிற அலமாரியில் வைத்தேன். கீழே ஈரத்துணிக் கூடை. அப்புறம் மறந்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்து, அவர் புதுச் சாமான்களைப் பூட்டப் போகிற அன்று காலையில், ஜன்னலில் மூடிகளைப் பார்த்து எடுத்துக் குப்பியின் வாயில் பழையபடி மாட்டி வைத்தேன். அவருடைய சாமான் அவர் வைத்தபடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்துவார்.

ஒன்பது நாளாக அந்த மணிகள் எங்கள் வீட்டு ஈரத்தை வயிறு முட்டக் குடித்திருக்கின்றன. கேஸோடு வருகிற ஈரத்தை வாங்க அதற்குள் இடமே இல்லை. அவர் பூட்டும்போது மூடியைக் கழற்றிவிட்டு, "சத்தம் வரலையே" என்று தனக்குத்தானே சொன்னது வாசற்படியில் நின்ற எனக்குக் காதில் விழுந்தது. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, பூட்டிவிட்டார்.

தெரிந்த ஃபிரிட்ஜ்காரரிடம் வேக்கம் பம்ப் இரவல் வாங்கி வந்து ஒரு மணி நேரம் ஓட்டினார். குழாய்க்குள் இருக்கிற காற்றையெல்லாம் அது உறிஞ்சிவிடும். கேஜ் முள் அசையாமல் நின்றது, எங்கேயும் கசிவில்லை என்று அர்த்தமாம். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேஸ் ஏற்றினார். பழைய அளவுக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் ஏற்ற வேண்டுமாம், எடை போட்டு ஏற்றினார். எஞ்சினை ஓடவிட்டு, காற்று வருகிற துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகினார். ஏழு டிகிரி. என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார். மத்தியான வெயில் வெளியே நிற்க, எனக்குப் பல் கிட்டியது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு, சாயங்காலம் கடை வரைக்கும் ஒரு ரவுண்டு, மறுநாள் ஒன்று. எல்லாம் பத்துப் பத்து நிமிடம். ஒவ்வொரு தடவையும் "குளிருதா, குளிருதா" என்று கேட்டு என் உயிரை எடுத்தார். குளிருகிறது, போதும், குறையுங்கள் என்று சொல்லக் கிடைத்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழு டிகிரி வந்த அன்றைக்கே அத்தானுக்கு அவரே ஃபோன் போட்டார். உங்கள் கார் தேவைப்படாது, சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி எங்கள் காரிலேயே வருகிறோம் என்றார். ஃபோனை என்னிடம் தந்தார். நானும் ஆமாம் அத்தான் என்றேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அக்கா மகள் கூப்பிட்டாள். "சித்தி, சனிக்கிழமை வரைக்கும் வேண்டாம். இப்பவே கிளம்புங்க. அம்மா நல்லா பேசுறாங்க, ஆனா இன்னைக்குத் தாண்டுறதே கஷ்டம்னு டாக்டர் சொல்றாங்க." அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். அன்றைக்கு எங்களுக்கு எல்லாம் நுழைந்தது. பத்து நிமிடத்தில் காரில் இருந்தோம். வாடகைக் கார் பிடிக்கலாமே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பனி மாதிரிக் காற்று வருகிற கார் வாசலில் நிற்கும்போது எதற்குத் தோன்றப் போகிறது?

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். காற்றின் ஓசை அப்படியே இருந்தது, குளிர் மட்டும் போய்விட்டது. அவர் குமிழை இப்படியும் அப்படியும் திருகினார். வெக்கை வந்தது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, எதையெதையோ தொட்டுப் பார்த்தார். மரம் கூட இல்லாத இடம். பத்து நிமிடம் கழித்து எஞ்சினைப் போட்டால் பழையபடி ஜில்லென்று காற்று. இரண்டு பேரும் சிரித்தோம். கடவுள் இருக்கிறார் என்று கூடச் சொன்னேன். அடுத்த பதினெட்டாவது நிமிடத்தில் மறுபடியும் வெக்கை.

என்ன நடந்தது என்று ஒரு மாதம் கழித்து ஒரு ஏசி மெக்கானிக் சொன்னார். குழாயில் ஓர் இடத்தில் ஊசிமுனை மாதிரி ஒரு துவாரம், கேஸ் அதன் வழியாகப் பாய்ந்துதான் குளிர்கிறது. டிரையர் குடிக்காமல் விட்ட ஈரம் அங்கே வந்து பனிக்கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். உறைய இருபது நிமிடம். நிறுத்திவைத்தால் உருகிவிடும், மறுபடியும் இருபது நிமிடம். நாங்கள் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டியே பார்க்கவில்லை. டிரையர் கெட்டுப்போயிருக்கிறது, எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று அவர் கேட்டார். திறக்கவே இல்லை, பம்பைத்தான் நான் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்றார் எங்கள் வீட்டுக்காரர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

மூன்றாவது தடவை நின்றபோது என் கால் இரண்டும் போயிருந்தன. முன்னால் நின்ற லாரியின் மஞ்சள் நிறம் என் கண் முன்னாலேயே வெளுத்தது. அவர் ஒரு பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் போய் என்னைத் தூக்கி அவர்களுடைய அலுவலக அறையில் உட்கார வைத்தார். சின்ன அறை, ஏசி இருந்தது. பங்க்காரர் யாருக்கோ ஃபோன் செய்து வாடகைக் கார் விசாரித்தார். வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அக்கா மகளைக் கூப்பிட்டோம். "இப்போ முழிச்சிட்டு இருக்காங்க சித்தி. வாசலையே பாத்துட்டு இருக்காங்க. அப்புறம் எப்படியோ தெரியலை" என்றாள்.

இங்கேயே ஒன்றரை மணி நேரம் இரு, கண் வந்துவிடும், அப்புறம் வாடகைக் காரில் போவோம் என்றார் இவர். அது சரியான யோசனை. அக்காவுக்கு அவ்வளவு நேரம் இருந்திருந்தால் சரியான யோசனை.

"கண்ணு தெரியாம அங்க போய் என்ன பண்ணப் போற?" என்று கேட்டார்.

"நான் பாக்கலைன்னாலும் அவ என்னைப் பாப்பால்ல. இனிமே எங்கயும் நிக்காதீங்க, போங்க."

கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வெயிலில் ஓட்டினார். கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தோம், அடுப்புக்குள் முகத்தை நீட்டியது போல இருந்தது. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பாட்டில் பாட்டிலாக என் தலையில் தண்ணீர் ஊற்றினார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அத்தான் கார் வந்திருந்தா…" என்றேன். முடிக்கவில்லை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வந்தது. எனக்கு எல்லாமே சாம்பல். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது. என் கண்ணைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று அக்கா மகளிடம் சொன்னேன். கால் கொஞ்சம் பலவீனம் என்றுதான் அக்காவிடம் நான்கு வருடமாகச் சொல்லி வைத்திருந்தேன். என்னைப் பார்க்க வந்துதானே இவளுக்குக் கண் போனது என்ற நினைப்போடு அவள் போகக்கூடாது. அவளிடமிருந்து இவ்வளவு வாங்கியிருக்கிறேன், இந்த ஒரு பாரத்தையாவது அவள் தலையில் ஏற்றாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். பெரிய தியாகி நான்.

நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள். தண்ணீர் சொட்டுகிற துணியோடு உட்கார்ந்திருந்தேன். கீழே இடது பக்கத்திலிருந்து, மெஷின் இரைச்சலுக்கு நடுவே, நூல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"பாப்பா. வந்துட்டியா."

வந்துட்டேன்க்கா என்று குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினேன். என் கையைத் தேடிப் பிடித்தாள். தோல் இருந்தது, எலும்பு இருந்தது, வேறொன்றும் இல்லை. எங்களுக்குள் சின்ன வயதிலிருந்தே ஒரு வழக்கம். எங்கே கிளம்பினாலும் அக்கா என் முன்னால் வந்து நின்று எப்படி இருக்கிறேன் என்று கேட்பாள், நான் உள்ளதைச் சொல்வேன். தலை கலைந்திருக்கிறது, இந்த நிறம் உனக்கு எடுக்கவில்லை, இன்றைக்கு அழகாய் இருக்கிறாய். மற்றவர்கள் சொல்வதை அவள் நம்ப மாட்டாள்.

"எப்படி ஆயிட்டேன், பாத்தியா" என்றாள்.

"பாக்குறேன்க்கா. அப்படியேதான் இருக்கே."

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அவள் பேசாவிட்டால் எனக்கு அவள் முகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கை இருக்கிற இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் கண்ணை நிறுத்தி வைத்தேன், சிரித்தும் வைத்தேன்.

"அங்க என்னடி இருக்கு, ஜன்னல்ல?"

சட்டென்று திருப்பினேன். அதிகமாகத் திருப்பிவிட்டேன் போல.

"பாக்க முடியலைன்னா விடு பாப்பா. எனக்கே கண்ணாடி பாக்கப் பிடிக்கலை."

அப்படியெல்லாம் இல்லைக்கா என்றேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது, அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து முழுங்கினேன். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் மெதுவாகத் தளர்ந்து விலகின. அசதியாக இருக்கிறது, கொஞ்சம் தூங்குகிறேன் என்றாள். நர்ஸ் வந்து, ஈரத்தோடு உட்காரக் கூடாது என்று என்னைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அங்கே உலர்ந்த துணி மாற்றிப் படுக்க வைத்தார்கள். நல்ல ஏசி. கிடந்தேன். முதலில் ஜன்னல் வெள்ளையாக வந்தது. பிறகு கதவின் விளிம்பு வந்தது. பிறகு திரைச்சீலையின் பச்சை. என் கையைத் தூக்கிப் பார்த்தேன், ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, நானே நடந்து போனேன். நடைபாதை நாற்காலியில் இவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். நகத்தில் கம்ப்ரஸர் எண்ணெயின் கறுப்பு இருந்தது, அது கூடத் தெரிந்தது. அவரிடம் நிற்கவில்லை.

அக்காவின் அறை வாசலில் அவள் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். நினைவு போய் அரைமணி ஆகிறது, இனி விழிக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவள் சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை.

"உன் சித்தி என்னைப் பாத்துப் பயந்துட்டா, பாவம். யாரும் அவளை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சொன்னாங்க. அப்புறம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

உள்ளே போனேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். தலையில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது, காது மடல் மெழுகு மாதிரி இருந்தது, கழுத்து எலும்புகளை எண்ணிவிடலாம். எல்லாம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. அவளைத் திருப்பக் கூடாது, வலிக்கும் என்றாள் நர்ஸ். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். நடுவில் கை நுழைகிற அளவுதான் இடம், ஆள் போக வழியில்லை.

முதுகுப் பக்கம் நின்று குனிந்தேன்.

"அக்கா, எனக்கு அப்போ கண்ணு தெரியலக்கா" என்றேன்.

மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.